எதிர்வீட்டுக் கப்பலும் ஆறு சட்டைகளும்

திருநள்ளாறு பக்கத்தில் இருப்பதால், ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வெளியுறவுத் துறை அலுவலகத்தோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. பதவி உயர்வு தள்ளிப்போனவர்கள், நல்ல ஊருக்கு மாற்றல் கேட்டு மோசமான ஊர் கிடைத்தவர்கள், மேலதிகாரியை முறைத்துக்கொண்டவர்கள் என்று யாராவது ஒருவர் எள் தீபம் ஏற்ற வந்துகொண்டே இருக்கிறார். வந்தால் மதியச் சாப்பாடு வரிச்சிக்குடியில் என் வீட்டில்தான். உலக நாடுகளோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்களுக்குச் சனீஸ்வரனிடம் பேச மட்டும் துணைக்கு ஆள் தேவைப்படுகிறது.

சென்ற மாதம் நிகில் வந்தார். நான் ஒரு தூதருக்கு அந்தரங்கச் செயலராக இருந்தபோது அதே தூதரகத்தில் இளம் அதிகாரியாக இருந்தவர். இப்போது அவரே தூதராகப் போகிறார். குளத்தில் முழுகிய ஈரத் தலையோடு வாழை இலை முன்னால் உட்கார்ந்து புலம்பினார். எங்கள் பேச்சு எப்போதும் இந்தியில். இங்கே தமிழில் தருகிறேன்.

"மங்கை ஜி, நாங்க எழுதி அனுப்புறதை இப்ப மேலிடத்துல யாரும் முழுசாப் படிக்கிறதே இல்லை. கணினி படிச்சு அஞ்சு வரியில சுருக்கிக் குடுத்துடுது."

"முன்னாடி மட்டும் முழுசாப் படிச்சாங்களா?" என்று கேட்டேன்.

அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். பிறகு, "நீங்க அதையெல்லாம் எழுதுங்க. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றார். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். கணினி மொழிபெயர்த்துவிடும் என்றார். அது இதையும் ஐந்து வரியாக்கிவிடும் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. நெல் விவசாயக் குடும்பம். காரைக்காலில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, தேர்வு எழுதி, டெல்லிக்குச் சுருக்கெழுத்தராகப் போனேன். போன முதல் நாளே பெயரில் பாதி போய்விட்டது. அங்கே என் வேலை, வெளிநாட்டுத் தூதரகங்களிலிருந்து சங்கேத மொழியில் வரும் கேபிள்களைப் பற்றிய குறிப்புகளைத் தட்டச்சு செய்வது. "கேபிள் வேலை பாக்குறேன்" என்று ஊருக்கு எழுதினேன். பல வருடங்கள் வரை வரிச்சிக்குடியில் என்னிடம் புதுச் சேனல்களைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

நான் இருந்த பிரிவு ஒரே ஒரு நாட்டைக் கவனிக்கும் பிரிவு. அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். ஓய்வு பெற்றாலும் வாய் அப்படிப் பழகிவிட்டது. எங்களோடு அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே சேர்ந்த புதிதில் ஒரு கேபிள் வந்தது. அந்த நாட்டு அமைச்சரை எங்கள் தூதரக அதிகாரி ஒருவர் சந்தித்துப் பேசியதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். நடுவில் ஒரு வாக்கியம்: 'பேச்சு முடியும் வரை அமைச்சர் தமக்கு முன் இருந்த தேநீரைத் தொடவில்லை.' எங்கள் பிரிவு அதிகாரி அதை ஒரு பக்கமாகச் சுருக்கினார். தேநீர் வாக்கியம் அதில் இருந்தது. அவருக்கு மேலே இருந்தவர் ஒரு பத்தியாக்கினார். தேநீர் போய் 'இறுக்கமான சூழல்' வந்தது. அவருக்கும் மேலே இருந்தவர் ஒரு வரியாக்கினார். அதில் 'பகைமை வெளிப்பட்டது' என்று இருந்தது. மூன்றையும் தட்டச்சு செய்தவள் நான். எல்லாவற்றுக்கும் ஒரே வாரம்தான் ஆனது.

அதன் விளைவாக, அந்த நாட்டுக்குப் போகவிருந்த நம் நடனக் குழுவின் பயணம் ரத்தானது. குழுவினர் விமான நிலையத்தில், சலங்கைப் பெட்டிகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நம் குழு வராததால் அவர்கள் தங்கள் பாடகரை அனுப்பவில்லை. பாடகர் வராததால் நாம் ஒரு கண்காட்சியை மூடினோம். கொஞ்ச நாள் கழித்து, அந்த அமைச்சருக்கு வயிற்றில் புண் என்றும், மருத்துவர் தேநீரை நிறுத்தச் சொல்லியிருந்தார் என்றும் தெரியவந்தது. அதையும் ஒருவர் கேபிளாக எழுதி அனுப்பினார். அதை யாரும் சுருக்கவில்லை. கோப்பில் வைத்துவிட்டார்கள்.

பிறகு என்னை ஆப்பிரிக்கக் கரையில் பிரெஞ்சு பேசும் ஒரு துறைமுக நகரத்துக்கு மாற்றினார்கள். காரைக்கால்காரி, பிரெஞ்சு தெரிந்திருக்கும் என்பது காரணம். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று மாற்றல் அதிகாரியிடம் நேரில் போய்ச் சொன்னேன். நகராட்சியை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'மேரி' என்பார்கள், அந்த ஒரு சொல்தான் தெரியும் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் கோப்பில் ஏதோ எழுதினார். பிற்பாடு பார்த்தேன்: 'பிரெஞ்சு அறிந்தவர். தன்னடக்கம் உள்ளவர்.' எழுதியாகிவிட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்று போகும் வழியிலேயே படிக்க ஆரம்பித்தேன். போய் ஒரு வருடத்தில் காய்கறிக்காரியோடு சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்த நகரம் சின்னது. தூதரகங்களுக்கென்று ஒரே ஒரு தெரு. எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே, நான் சொல்லாமல் விட்ட அந்த நாட்டின் தூதரகம். அதனால் எங்கள் அலுவலகத்தில் அந்த நாட்டுக்கே 'எதிர்வீடு' என்று பெயர் ஆகிவிட்டது. நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

எங்கள் தூதர் ஹல்தார் சார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். கேபிள் சொல்லும்போது காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு கம்பளத்தில் நடப்பார். முகம் ஜன்னல் பக்கம், முதுகு என் பக்கம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் திருப்பிப் படிக்க வேண்டும். படித்ததும் தனக்குத்தானே கேட்பார்: "எப்படித் தெரியும்?"

அவருடைய கேபிளில் எப்போதும் மூன்று பகுதிகள்தான். பார்த்தது, கேட்டது, நினைப்பது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் கலக்கக் கூடாது. 'எதிர்வீடு நினைக்கிறது' என்று யாராவது எழுதினால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "வீடு எப்படி நினைக்கும்? உள்ளே இருக்கிற ஆள் யாரு, அவன் பேர் என்ன, அவனுக்கு என்ன வேணும், அதை எழுது" என்பார்.

ஒரு நாள் நிகில் மூச்சு வாங்க ஓடிவந்தார். "சார், எதிர்வீட்டுல எல்லா ஜன்னல் திரையையும் கழட்டிட்டாங்க. தூதரகத்தைக் காலி பண்றாங்க போலிருக்கு. உடனே டெல்லிக்கு எழுதணும்."

ஹல்தார் சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "திரை இல்லை. சரி. எழுது."

"காலி பண்றது, சார்?"

"அதை நீ பாத்தியா?"

இரண்டு நாள் கழித்து அந்தத் திரைகள் எல்லாம் துவைத்து அவர்களுடைய மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஹல்தார் சார் நிகிலைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். வெகுநாள் கழித்து ஒரு மதியம், பேச்சுவாக்கில், அந்தத் தேநீர் வாக்கியத்தை இளவயதில் எழுதியவர் தாம்தான் என்று என்னிடம் சொன்னார். "நான் தப்பா எழுதலை, மங்கை. அவர் நிஜமாவே தொடலை. ஆனா அதை எதுக்கு எழுதினேன்? நல்லா இருந்துச்சுன்னு எழுதினேன்" என்றார்.

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தபோது எதிர்வீட்டோடு உறவு மிகவும் கெட்டிருந்தது. அவர்களோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று டெல்லியிலிருந்து உத்தரவு. தெரு அகலமே அவ்வளவுதான், இரண்டு தூதர்களும் ஒரே நேரத்தில் கார் ஏறினால் என்ன செய்வது, தலையசைக்கலாமா என்று ஹல்தார் சார் கேட்டு எழுதினார். யோசித்து யோசித்துப் பதில் அனுப்பினார்கள்: 'அவர் முதலில் அசைத்தால் அசைக்கலாம். புன்னகை தேவையில்லை.' எதிர்வீட்டுத் தூதருக்கும் அச்சு அசலாக அதே உத்தரவு வந்திருக்க வேண்டும். தினமும் காலையில் இரண்டு பெரிய மனிதர்களும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் கழுத்து எப்போது அசையும் என்று பார்த்தபடி நிற்பார்கள். பிறகு இருவரும் அசைக்காமலே ஏறிப் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு காலையில் துறைமுகத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். பிரெஞ்சு என்பதால் அழைப்பு என்னிடம் வந்தது. எதிர்வீட்டின் போர்க்கப்பல் ஒன்று எண்ணெய் நிரப்ப வந்திருக்கிறது, அதில் இந்திய மீனவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றார். வளைகுடாவில் ஒரு முதலாளியின் படகில் வேலை பார்த்தவர்கள். இயந்திரம் பழுதாகி நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்தவர்கள். கப்பல்காரர்கள் அவர்களை என்ன செய்தார்கள் என்பதற்கு அவர் ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பொறுக்கி எடுத்தார்கள் என்றும் பொருள் உண்டு, ஆதரித்து வைத்துக்கொண்டார்கள் என்றும் பொருள் உண்டு.

நிகில் உடனே வரைவு எழுதினார்: 'எதிர்வீட்டுக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்து வைத்துள்ளது.' ஹல்தார் சார் அந்த வினைச்சொல்லை அடித்துவிட்டு, 'கப்பலில் உள்ளனர்' என்று மட்டும் அனுப்பினார். டெல்லியிலிருந்து உடனடிப் பதில்: 'காப்பாற்றப்பட்டார்களா, பிடிக்கப்பட்டார்களா? வினைச்சொல்லைத் தெளிவுபடுத்தவும்.'

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் காப்பாற்றினார்கள் என்று நாங்கள் எழுதினால் இந்தியா நன்றி சொல்ல வேண்டும். அந்த நிலைமையில் எதிர்வீட்டுக்கு நன்றி சொல்ல டெல்லியில் யாருக்கும் துணிச்சல் இல்லை. பிடித்தார்கள் என்று எழுதினால் கண்டனம் தெரிவிக்க வேண்டும். கண்டனம் போனால் அவர்கள் ஆறு பேரையும் இறக்கிவிட மாட்டார்கள். கப்பல் மறுநாள் சாயங்காலம் தன் நாட்டுக்குக் கிளம்புகிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் அனுமதி இல்லாமல் நுழைந்தவர்கள் என்று வழக்கு, சிறை. அப்படிப் போனவர்கள் வருடக்கணக்கில் திரும்பவில்லை.

அதற்குள் என் தம்பி இளங்கோ கூப்பிட்டான். காரைக்காலில் உரக்கடை வைத்திருப்பவன்.

"அக்கா, காரைக்கால்மேட்டுலேருந்து பொம்பளைங்க வந்து கடை வாசல்ல உக்காந்துருக்காங்க. டிவில செய்தி வந்துருச்சு. ஆறு பேரும் மேட்டுக்காரங்கதானாம். ஒங்கக்கா அந்த ஊரு ஆபீசுலதானே இருக்கு, கேட்டுச் சொல்லுங்கன்னு ஒரே அழுவை. என்னாக்கா சொல்றது?"

அலுவலக விஷயத்தைத் தொலைபேசியில் பேசக் கூடாது. "பரிசீலனையில இருக்குன்னு சொல்லு" என்றேன்.

அவன் அந்தப் பக்கம் சொல்வது கேட்டது. பிறகு திரும்ப வந்தான். "பரிசீலனைன்னா உசுரோட இருக்காங்கன்னு அர்த்தமான்னு அஞ்சம்மான்னு ஒரு அம்மா கேக்குதுக்கா."

நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஹல்தார் சார் அறைக்குள் போய்விட்டேன். கதவைத் தட்டக்கூட இல்லை. "சார், அந்த ஆறு பேரையும் நம்மள்ல யாராவது பாத்தோமா?" என்று கேட்டேன்.

அவர் நடப்பதை நிறுத்தினார். காலையிலிருந்து எத்தனையோ வரைவுகள் போட்டிருந்தோம். ஒருவரும் பார்க்கவில்லை.

"தொடர்பு கூடாதுன்னு உத்தரவு, சார்" என்றார் நிகில்.

"துறைமுக மேடை யாருடையது?"

"இந்த நாட்டு அரசாங்கத்தோடது."

"இந்த நாட்டு மேடையில நின்னு நம்ம ஆளு கடலைப் பாக்குறது தொடர்பு ஆகாது. மங்கை, நீ போய்க் கடலைப் பாரு" என்றார்.

துறைமுகத் தலைவர் அனுமதித்தார். சாம்பல் நிறக் கப்பல் மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. மேல்தளக் கம்பி ஓரமாக ஆறு கறுத்த தலைகள். நான் புடவையில் நிற்பதைப் பார்த்ததும் கையை ஆட்டினார்கள். கீழே இருந்து நான் கத்தியது மேலே அரைகுறையாகத்தான் கேட்டது. அவர்கள் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. எதிர்வீட்டுக் கடற்படை வீரன் ஒருவன் கொஞ்ச நேரம் எங்கள் அவஸ்தையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கை ஒலிபெருக்கி கொண்டுவந்து அவர்களிடம் கொடுத்தான். அதன் பிறகு துறைமுகம் முழுக்க எங்கள் ஊர்த் தமிழ் முழங்கியது.

"அக்கா! நீங்க எந்த ஊருக்கா?"

"வரிச்சிக்குடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"வரிச்சிக்குடியா! யாரு வூட்டுப் பொண்ணு நீங்க?"

நடுவே ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. நாளை அவன் எந்த நாட்டில் இருப்பான் என்பது தெரியாது. அவனுக்கு என் குடும்பம் தெரிய வேண்டும். சொன்னேன். "அட, உரக்கடை இளங்கோ அக்காவா!" என்று ஆறு பேரும் சேர்ந்து கூவினார்கள். பக்கத்தில் நின்ற வீரர்களும் என்னவென்று தெரியாமலே கை தட்டினார்கள். பேசியவன் பெயர் செல்வமணி. அஞ்சம்மாவின் புருஷன்.

"அடிச்சாங்களா?" என்று சைகையோடு கேட்டேன்.

"யாரு? இவங்களா? ஐயய்யோ, இல்லக்கா! கேப்டன் தங்கமான ஆளு. புண்ணுக்கு மருந்தெல்லாம் போட்டுவுட்டாங்க. மூணு வேளையும் ரொட்டியாப் போடுறாங்க, அதான் வவுறு கேக்க மாட்டேங்குது. ஒரு வாய் கஞ்சி கெடச்சா நல்லாருக்கும்!"

ஆறு பேரும் வெள்ளை பனியன் போட்டிருந்தார்கள். நெஞ்சில் எதிர்வீட்டுக் கொடி, கீழே அவர்கள் கடற்படையின் முத்திரை. நான் என் தோளைத் தொட்டுக் காட்டிக் கத்தினேன். "ஒங்க சட்டையெல்லாம் எங்க?"

"அதத்தான்க்கா கொளுத்துனோம்! டீசல ஊத்திச் சட்டைய எரிச்சிப் பொவ காட்டுனோம். அதப் பாத்துத்தான் கப்பலு வந்துச்சு!"

மேலே இன்னொரு தளத்தில் கப்பல் தலைவர் நின்றிருந்தார். நரைத்த தாடி. கடிகாரத்தைப் பார்ப்பதும், கீழே எண்ணெய் லாரியைப் பார்ப்பதும், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் கிளம்பும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அவர்தான் முதலில் அசைத்தார் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

காரில் ஏறியதும் இளங்கோவைக் கூப்பிட்டு, "அஞ்சம்மாகிட்ட சொல்லு, நான் கண்ணால பாத்துட்டேன். கஞ்சி வேணுங்கிறாரு" என்றேன். அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. விதிமீறல்தான். விதியைப் போட்டவர்கள் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

ஹல்தார் சார் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எரித்த சட்டையைப் பற்றி இரண்டு முறை கேட்டார். நிகில், "பனியன் விளம்பரத்துக்குத்தான், சார். படம் எடுத்து உலகத்துக்கே காட்டப்போறாங்க" என்றார்.

"இருக்கலாம். அது மூணாவது பகுதி. வெத்து உடம்போட நின்னவனுக்கு அவங்ககிட்ட இருந்த துணியைக் குடுத்தாங்க. அது ரெண்டாவது பகுதி. அதை முதல்ல எழுதுவோம்."

பிறகு காலணியைக் கழற்றினார். அந்தக் கேபிள் ஒரே பக்கம். அதன் கடைசிப் பகுதி எனக்கு இன்றும் மனப்பாடம். ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: 'இதில் எதிர்வீட்டின் திட்டம் என்று எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஒரு கப்பல் தலைவர் இருக்கிறார். நாளை அவர் கிளம்ப வேண்டும். அதற்குள் ஆறு பேரை யாரிடமாவது விட வேண்டும். அது நாமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் துறைமுகத்திடம் விடட்டும். நாம் துறைமுகத்திடமிருந்து பெற்றுக்கொள்வோம். யாரும் யாருக்கும் நன்றி சொல்லத் தேவை இருக்காது.'

வினைச்சொல் பாக்கி இருந்தது. அவர் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார். காப்பாற்றினால் காப்பாற்றியவன் ஒருவன் வேண்டும், பிடித்தால் பிடித்தவன் ஒருவன் வேண்டும், யாருமே செய்யாத வினை ஒன்று வேண்டும் என்று முணுமுணுத்தார். கடைசியில் நின்று, "எழுது, மங்கை. 'கரைக்கு வந்த ஆறு இந்தியர்கள்'" என்றார்.

நான் திருப்பிப் படித்தேன். அவர் "எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை. கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டெல்லி சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பனியனோடு அவர்கள் இறங்கக் கூடாது.

நானும் நிகிலும் சந்தைக்கு ஓடினோம். அந்த நாட்டு அதிபரின் பிறந்தநாள் வாரம் அது. பாதிக் கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்த கடைகளில் ஆண்களுக்கு ஒரே மாதிரிச் சட்டைதான்: முன்னால் அதிபரின் முகம் பெரிதாக, பின்னால் அதைவிடப் பெரிதாக, சுற்றிலும் மஞ்சள் வாழைப்பூக்கள். வேறு சட்டை கேட்டேன். கடைக்காரர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "அதிபர் பிடிக்கவில்லையா?" என்றார். உடனே ஆறு வாங்கினேன்.

காரில் நிகில் மடியில் அதிபர்களை வைத்துக்கொண்டு, "இது மூணாவது நாட்டை அவமதிக்கிறது ஆகுமா, மங்கை ஜி?" என்றார். "அவங்க நாட்டுலயே விக்கிறாங்களே" என்றேன்.

துறைமுகத் தலைவர் போய்ப் பேசியதும் எதிர்வீட்டார் ஆறு பேரையும் துறைமுகத்திடம் ஒப்படைத்தார்கள். சுங்க அறையில் அவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறு, ஆக மொத்தம் பன்னிரண்டு அதிபர்கள் வரிசையாக நடந்து வந்ததைப் பார்த்ததும் துறைமுகத் தலைவர் விறைப்பாக எழுந்து நின்றார். படம் எடுக்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டார்கள். செல்வமணி என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே, "இவரு யாருக்கா? நல்ல மொகவெட்டு" என்று நெஞ்சைத் தடவிக் கேட்டான்.

மறுநாள் அந்த நாட்டுப் பத்திரிகையில் முதல் பக்கம், 'அதிபரின் கருணையால் கரைக்கு வந்தவர்கள்'. இந்தியா அதிபருக்கு நன்றி தெரிவித்தது. எதிர்வீடும் அதிபருக்கு நன்றி தெரிவித்தது. ஒரே நாளில் இரண்டு பேரும் தமக்கு எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று அதிபருக்குக் கடைசிவரை புரியவில்லை என்று கேள்வி. இரண்டு தூதரகங்களுக்கும் ஆளுக்கொரு கூடை பேரீச்சம்பழம் அனுப்பினார்.

மீனவர்கள் இறங்கிய அன்று ஹல்தார் சாரோடு நாங்கள் துறைமுகத்திலிருந்து திரும்பியபோது எதிர்வீட்டுத் தூதர் தம் வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஹல்தார் சார் இறங்கினார், நின்றார், முதலில் தலையசைத்தார். அன்றைய கேபிளில் அதையும் சேர்க்கச் சொன்னார்: 'நான் முதலில் அசைத்தேன். அவரும் அசைத்தார். புன்னகை இருந்ததா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.' டெல்லி அதற்குப் பதிலே போடவில்லை. பதில் போடாவிட்டால் அனுமதித்ததாக அர்த்தம் என்று ஹல்தார் சார் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இருவரும் தினமும் அசைத்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து நம் கப்பல் ஒன்று எதிர்வீட்டு மீனவர்களைக் கடலில் கண்டது. அப்போது யாரும் வினைச்சொல் தேடவில்லை. பக்கத்துத் துறைமுகத்தில் விட்டார்கள், அவர்களுடைய தூதரகம் பெற்றுக்கொண்டது, அறிக்கையில் 'கரைக்கு வந்தவர்கள்' என்று இருந்தது. பிறகு எல்லாத் தூதரகங்களுக்கும் அதுவே நடைமுறை என்று சுற்றறிக்கை வந்தது. வெகுநாள் கழித்து இரண்டு நாடுகளும் மறுபடி பேச உட்கார்ந்தபோது, சண்டை இல்லாமல் முடிந்த முதல் விஷயம் இதுதானாம். இப்போது அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நிகில் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது.

மீனவர்கள் திரும்பிய அந்த வருடமே விடுமுறையில் ஊருக்கு வந்தேன். இளங்கோ ஸ்கூட்டரில் என்னைக் காரைக்கால்மேட்டுக்கு அழைத்துப் போனான். மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் ஆப்பிரிக்க அதிபரின் முகம், வாழைப்பூ சகிதம். சட்டையிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். கீழே ஆறு பேரின் படம் வட்ட வட்டமாக. மேலே, 'எங்கள் குலம் காத்த ஐயாவே, வருக வருக'. அவர் வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வருக என்று போடாமல் அந்தக் கடையில் பேனர் அடிக்க மாட்டார்களாம்.

அஞ்சம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து மீன் குழம்பு ஊற்றினாள். செல்வமணி மறுபடி கடலுக்குப் போயிருந்தான், இந்த முறை உள்ளூர்ப் படகில். சாப்பிட்டுக்கொண்டே, மெதுவாக, உண்மையில் உதவியது அந்த அதிபர் இல்லை, கப்பல் தலைவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"தெரியாதாக்கா? எங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாஞ்சி போறாரு. கேப்டனத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. போட்டோ இல்லியே, என்ன பண்றது? சட்டையில இந்த ஐயா மொகந்தான் தெளிவா இருந்துச்சு."

"கேப்டன் பேரு என்ன?"

"கேப்டன்னு கூப்டா திரும்பிப் பாப்பாராம். அவ்வளவுதான் தெரியும்" என்றவள், இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள். "நீங்க பெரிய ஆபீசுல இருக்கீங்க. எங்கியாச்சும் கேட்டு அவரு படம் ஒண்ணு வாங்கிக் குடுங்கக்கா. பேனர்ல வலது பக்கம் எடம் இருக்கு. ஒட்டிக்கலாம்."